ராஹ்மியின் தையல் மெஷின்

சென்ற ஆண்டு எங்கள் அலுவலகத்தில் ஒருவர் ஓய்வுபெற்றார். முப்பத்தைந்து ஆண்டுப் பணியில் வெளியாள் ஒருவர் காசில் ஒரு டீ கூடக் குடிக்காத மனிதர். வழியனுப்பு விழாவில் நானும் நாலு வார்த்தை பேச வேண்டியிருந்தது. இந்த மாதிரி மேடைகளில் காமராஜரும் கக்கனும் வராமல் இருக்க மாட்டார்கள். எனக்கு முன்னால் பேசியவர்கள் இருவரையும் அழைத்து வந்து உட்கார வைத்துவிட்டார்கள். ஆகவே நான் கொஞ்சம் தள்ளி, இந்தோனேசிய விடுதலைத் தலைவர்களில் ஒருவரான முகமது ஹட்டாவிடம் போனேன். கையில் தயாராக ஒரு கதை இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் வேலை நிமித்தமாக ஜகார்த்தாவில் மூன்று மாதம் தங்கியிருந்தபோது, எங்கள் குழுவில் கணக்குப் பார்த்த பெண்மணி ஒரு மதிய உணவு வேளையில் சொன்ன கதை.

1950ஆம் ஆண்டு. ஹட்டாவின் மனைவி ராஹ்மிக்கு ஒரு தையல் மெஷின் வாங்க வேண்டும் என்று ஆசை. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து மாதக்கணக்கில் பணம் சேர்க்கிறார். இதோ வாங்கிவிடலாம் என்ற நிலையில் அரசாங்கத்தின் அறிவிப்பு வருகிறது: புழக்கத்தில் உள்ள பணத்தின் மதிப்பு வெட்டப்படுகிறது. மெஷினுக்குச் சேர்த்த பணம் மெஷினுக்குப் போதாமல் போகிறது. மாலையில் வீடு திரும்பிய கணவரிடம், உங்களுக்கு முன்பே தெரியுமே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று கேட்கிறார். உன்னை நான் நம்புகிறேன், ஆனால் இது நாட்டின் ரகசியம், யாரிடமும் சொல்லத் தகாதது, நாட்டுக்காக நாம் கொஞ்சம் நஷ்டப்பட்டால் பரவாயில்லை, மறுபடியும் சேர்ப்போம் என்கிறார் ஹட்டா. இதுதான் கதை. மேடையில் நன்றாகவே எடுபட்டது. ஓய்வுபெற்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது என் மனைவி பாதி வழி வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "என்னங்க, அந்தம்மா அப்புறம் மெஷின் வாங்கினார்களா இல்லையா?"

நான் விழித்தேன். எத்தனையோ முறை சொல்லிய கதை. இந்தக் கேள்வி எனக்கு ஒரு முறை கூடத் தோன்றியதில்லை. கதையைச் சொல்கிறவர்கள் எல்லாரும் ஹட்டாவின் பதிலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கேட்பவர்கள் கை தட்டுகிறார்கள். ராஹ்மி அதே இடத்தில் நின்றுகொண்டிருக்கிறார்.

கத்தரிக்கோல்

அந்தக் கேள்வி கிளப்பிவிட்டதில், கதையின் பின்னணியைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். முதலில் தெரிந்தது, நான் மேடையில் ஹட்டாவைத் துணை அதிபர் என்று சொன்னது பிசகு. 1945இலிருந்து 1956 வரை அவரைத் துணை அதிபராகவே நினைத்துக்கொள்வது எல்லாருக்கும் பழக்கம். ஆனால் 1950 மார்ச்சில் அவர் பிரதமர். நிதியமைச்சர் ஷாஃப்ருதீன் பிரவிரநெகாரா. நோட்டு விவகாரம் வரலாற்றில் நிதியமைச்சரின் பெயரிலேயே நிலைத்துவிட்டது. இந்தோனேசியர்கள் இன்றும் அதை 'ஷாஃப்ருதீனின் கத்தரிக்கோல்' என்றுதான் சொல்கிறார்கள்.

அது உவமை என்று நினைத்திருந்தேன். நிஜமாகவே கத்தரிக்கோல். டச்சுக்காரர்களின் வங்கி அச்சிட்ட நோட்டும், போருக்குப் பின் அவர்கள் திரும்பி வந்தபோது கொண்டுவந்த நோட்டும் உங்களிடம் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கில்டரும் அதற்கு மேலும் உள்ள நோட்டு ஒவ்வொன்றையும் நீங்களே நடுவில் வெட்ட வேண்டும். இடது பாதி, பழைய மதிப்பில் பாதிக்குச் செல்லும். அதுவும் ஆகஸ்ட் வரைதான், அதற்குள் புது நோட்டாக மாற்றிக்கொள்ள வேண்டும். வலது பாதியைக் கொடுத்தால் அரசாங்கக் கடன் பத்திரம் தருவார்கள். 3 சதவீத வட்டி, 30 ஆண்டு கழித்துப் பணம். இரண்டரை கில்டரும் அதற்குக் கீழும் உள்ள சில்லறை நோட்டுகளைத் தொடவில்லை. குடியரசு தானே அச்சிட்டிருந்த பழைய ரூபாய்க்குக் கத்தரிக்கோல் இல்லை. அதைத் தனியாக ஒரு விகிதத்தில் மாற்றினார்கள், அந்த விகிதம் இன்னும் கொடுமை. அதனால்தான் ராஹ்மியின் கதையிலும் கணக்கு ஆளுக்கு ஆள் மாறுகிறது. பாதியாகிவிட்டது என்பார்கள் சிலர். நூறு ஒன்றாகிவிட்டது என்பார்கள் வேறு சிலர்.

ஏன் வெட்டினார்கள் என்பது ரொம்ப நீளமான சங்கதி. ஜப்பானியர் விட்டுப்போன பணம், டச்சுப் பணம், குடியரசின் பணம் என்று பல வகை நோட்டு ஒரே சந்தையில் புரண்டுகொண்டிருந்தது. சுதந்திரத்தை ஒப்புக்கொள்ள டச்சு அரசு கேட்ட விலையாக, அதன் காலனிக் கடனில் பெரும்பகுதி புதிய நாட்டின் தலையில் விழுந்திருந்தது. புழக்கத்தில் உள்ள பணத்தைச் சட்டென்று குறைத்தால்தான் விலைவாசி அடங்கும் என்று கணக்குப் போட்டார்கள். ஹட்டா ரோட்டர்டாமில் வணிகப் பொருளாதாரம் படித்தவர். அவருக்கு இதெல்லாம் புரியாமல் கையெழுத்துப் போட்ட காரியமாக இருந்திருக்க முடியாது.

என்னை நிறுத்தியது அந்தச் சில்லறை நோட்டு விதிவிலக்குதான். சமையலறைச் சேமிப்பு சில்லறையில்தானே சேரும், அப்படியானால் ராஹ்மி தப்பித்திருக்கலாமே என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு என் அம்மா நினைவுக்கு வந்தார். 2016 நவம்பரில் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்த மறுநாள் காலையில், அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு அரிசி டிரம்முக்குள் கையை விட்டு ஒரு துணி முடிச்சை எடுத்தார். இருபத்துமூன்று ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். பத்தும் இருபதுமாகச் சேர்ந்ததை மளிகைக் கடையில் கொடுத்து நூறாக்கி, நூறு ஐந்து சேர்ந்ததும் ஐந்நூறாக்கி வைத்திருந்தார். ஒளித்துவைக்க அதுதான் வசதி. சேர்க்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். வங்கியில் கட்டிக் கொடுத்தேன். ஒரு ரூபாய் கூடக் குறையவில்லை. ஆனாலும் அம்மா பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. பணம் போகவில்லை, அப்படி ஒரு பணம் இருப்பது தனக்கு மட்டும்தான் தெரியும் என்ற நிம்மதி போய்விட்டது.

இரண்டு மெஷின்கள்

ராஹ்மி எப்போது சேர்த்திருப்பார் என்று காலக்கணக்கைப் போட்டுப் பார்த்தால் அதுவே ஒரு கதை. நாடு விடுதலை அடையாமல் மணம் முடிப்பதில்லை என்று இருந்தவர் ஹட்டா. 1945 ஆகஸ்ட் 17இல் சுதந்திரப் பிரகடனம். நவம்பர் 18இல் கல்யாணம். பெண் பேசி முடித்தவர் நாட்டின் முதல் அதிபர், சாட்சாத் சுகர்னோ. மாப்பிள்ளைக்கு 43 வயது, பெண்ணுக்கு 19. மஹர், அதாவது மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மணக்கொடை, என்ன தெரியுமா? நாடு கடத்தப்பட்டிருந்த காலத்தில் கிரேக்கத் தத்துவம் பற்றித் தானே எழுதிய புத்தகம். தங்கமும் இல்லை, பணமும் இல்லை. இதையும் சுவையான செய்தியாகத்தான் எல்லாரும் சொல்கிறோம். பத்தொன்பது வயதுப் பெண் அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கி என்ன நினைத்திருப்பாள் என்று கேட்க இப்போதுதான் எனக்குத் துணிவு வந்திருக்கிறது.

கல்யாணமான சில வாரங்களில் ஜகார்த்தா பாதுகாப்பில்லை என்று அரசாங்கமே ஜோக்ஜகார்த்தாவுக்குக் குடிபெயர்ந்தது. 1947இல் அங்கே மூத்த மகள் மெயுத்தியா பிறந்தாள். 1948 டிசம்பர் 19இல் டச்சுப் படை ஊருக்குள் இறங்கி ஹட்டாவைப் பிடித்து பங்க்கா தீவுக்கு அனுப்பியது. குழந்தைக்கு இரண்டு வயது கூட ஆகவில்லை. அடுத்த ஜூலையில்தான் அவர் திரும்பினார். திரும்பிய சூட்டில் தி ஹேக் நகரில் வட்டமேசைப் பேச்சுவார்த்தைக்குத் தூதுக்குழுவின் தலைவராகப் போய்விட்டார். டிசம்பர் 27இல் ஆம்ஸ்டர்டாமில் ராணி யூலியானாவிடமிருந்து ஆட்சியுரிமையைப் பெற்றவர் அவர்தான். இத்தனைக்கும் நடுவில் வீட்டுக்காசில் மிச்சம் பிடித்துத்தான் அந்தப் பெண் தையல் மெஷினுக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்.

இந்தோனேசிய வரலாற்றில் புகழ்பெற்ற தையல் மெஷின் ஒன்று உண்டு. 1945இல் ஏற்றப்பட்ட சிவப்பு வெள்ளைக் கொடியைத் தைத்தவர் சுகர்னோவின் மனைவி ஃபத்மாவதி. அப்போது அவர் நிறைமாதக் கர்ப்பிணி. காலால் மிதிக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால், கையால் சுற்றும் சிங்கர் மெஷினில் தைத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் இது தெரியும். அவருடைய சொந்த ஊரான பெங்குலுவில் அந்த மெஷினைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். நாட்டின் கொடி தைத்த மெஷினுக்குக் கண்ணாடிப் பெட்டி. அதே நாட்டின் பணக்கொள்கையில் காணாமல் போன மெஷினுக்கு ஒரு மேடைக் கதை. (ஃபத்மாவதியின் கதையும் இனிப்பாக முடியவில்லை. சுகர்னோ இன்னொரு மணம் செய்துகொண்டதும் அவர் அரண்மனையை விட்டு வெளியேறினார். இரண்டு தலைவர்களின் மனைவிகளும் விலை கொடுத்திருக்கிறார்கள்; வகைதான் வேறு.)

நாம், நாங்கள்

ஒரு வாரம் கழித்து என் மனைவியிடம் ஹட்டாவின் பக்கத்தை எடுத்துச் சொல்ல முயன்றேன். நன்றாக யோசித்துத் தயாரித்த வாதம். இப்படிப் பார், என்றேன். முந்தின நாளே அவர் சொல்லியிருந்தால் ராஹ்மி என்ன செய்திருப்பார்? கடைக்குப் போய் மெஷினை வாங்கியிருப்பார். கடைக்காரர் கல்லாவில் போட்ட நோட்டு மறுநாள் பாதியாகியிருக்கும். நஷ்டம் எங்கேயும் ஓடிப்போகாது. தெரிந்தவன் கையிலிருந்து தெரியாதவன் கைக்கு மாறும், அவ்வளவுதான். அமைச்சர்களின் வீடுகள் எல்லாம் இப்படி ஒரு நாள் முந்திக்கொண்டால், கடைசியில் வெட்டு விழுவது யாருமில்லாத ஏழைகளின் மேல். ஆகவே மனைவியிடம் சொல்லாமல் இருந்தது வெறும் விறைப்பு இல்லை. முகம் தெரியாத ஒரு கடைக்காரரைக் காப்பாற்றிய காரியம்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டுக்கொண்டாள். "சொல்லாதது சரிதான். நான் அதைத் தப்பு என்று சொல்லவே இல்லையே. 'நாம் நஷ்டப்படுவோம்' என்றாரே, அதுதான் உறுத்துகிறது. பணம் அந்தம்மா சேர்த்தது. மறுபடி 'சேர்ப்போம்' என்றால் யார் சேர்க்க வேண்டும்? அவரா சேர்க்கப் போகிறார்?"

இந்த இடத்தில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரணம், அந்த வார்த்தை என் குறிப்பேட்டில் இருந்தது. கணக்குப் பார்த்த பெண்மணி கதையைச் சொன்னபோது, ஹட்டாவின் பதிலை மட்டும் இந்தோனேசிய மொழியிலேயே சொன்னார்: "பியார்லா கித்தா ருகி செடிக்கிட்." நாம் கொஞ்சம் நஷ்டப்பட்டால் போகட்டும். கித்தா என்றால் நாம். காமி என்றால் நாங்கள். இந்தோனேசிய மொழி வகுப்பில் முதல் வாரமே இந்த வேறுபாடு வந்துவிடும். உடன் படித்த இரண்டு ஆங்கிலேயர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். நான் மட்டும் சிரமமே இல்லாமல் பிடித்துக்கொண்டேன். நமக்குத் தாய்ப்பாலோடு வந்த வேறுபாடு அல்லவா! வாசலில் நின்று "நாங்கள் சாப்பிடப் போகிறோம்" என்றால் வந்தவர் கிளம்பிவிடுவார். "நாம் சாப்பிடலாம்" என்றால் செருப்பைக் கழற்றுவார். கேட்பவரை உள்ளே சேர்த்துக்கொள்ளும் சொல் நாம். சேர்த்துக்கொள்வதற்கு முன் அவர் சம்மதத்தைக் கேட்காத சொல்லும் அதுதான். 'அரசாங்கம் உன் பணத்தை எடுத்துக்கொண்டது, மன்னித்துவிடு' என்று சொல்லியிருந்தால் ராஹ்மி கோபப்பட்டிருக்க முடியும். 'நாம்' என்றதும் அவரும் வெட்டியவர்களில் ஒருவர் ஆகிவிட்டார். தன் கோபத்தை யார் மேல் காட்டுவார்?

ஆனால் நியாயத்துக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹட்டா அந்த 'நாம்' என்பதில் தன்னை ஏமாற்றிச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஐம்பதுகளில் பாலி என்ற சுவிட்சர்லாந்து நிறுவனத்தின் ஷூ மீது அவருக்கு ஆசை வந்தது. கிடைக்கும் இடத்தின் முகவரியோடு வந்த விளம்பரத்தை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டார். பணம் சேரச் சேர வீட்டுச் செலவுக்கும், உதவி கேட்டு வந்த உறவுக்காரர்களுக்கும் போய்விடும். நினைத்திருந்தால் ஒரு தூதரிடம் ஒரு வார்த்தை. ஒன்றுக்கு நாலு ஜோடி வந்து இறங்கியிருக்கும். கடைசி வரை வாங்கவில்லை. இறந்த பிறகுதான் அந்தத் துண்டுக் காகிதத்தைக் கண்டெடுத்தார்கள். 1952இல் ஹஜ் பயணத்துக்கு சுகர்னோ அரசு விமானம் தருகிறேன் என்றபோதும் மறுத்து, தன் புத்தகங்களுக்கு வந்த பணத்தில் போனார். 1956 டிசம்பர் 1இல் பதவியை விட்ட பிறகு ஓய்வூதியத்தில் வீட்டை ஓட்டத் திணறினார். தண்ணீர்க் கட்டணம் கட்டக்கூட முடியாத நிலை தெரிந்து, ஜகார்த்தா ஆளுநர் அலி சாதிகின் அதிலிருந்து விலக்கு வாங்கித் தர வேண்டியிருந்தது. ஒரே பை, அதில் இருவர் கையும். அந்தப் பை எப்போதும் காலி.

இருந்தாலும் எனக்கு ஷூ கதைதான் இப்போது பிடிக்கிறது, மெஷின் கதையை விட. ஷூ அவருடைய ஆசை, அவருடைய மறுப்பு. இரண்டையும் ஒரே மனிதர் சுமந்தார். மெஷின் கதையில் ஆசை ஒருவருடையது, மறுப்பு இன்னொருவருடையது, புகழ் மறுத்தவருக்கு. ஹட்டா பிறந்த மினாங்கபாவ் சமூகத்தில் வீடும் நிலமும் தாய்வழியில் பெண்களுக்குத்தான் போகும் என்பதை நினைத்தால் இன்னும் வேடிக்கை. புக்கிட்டிங்கியில் எட்டு மாதக் குழந்தையாகத் தந்தையை இழந்து, தாய் வீட்டுச் சொத்தில் வளர்ந்தவர். பெண்ணின் உடைமை என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடன் பத்திரத்தின் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். வலது பாதி நோட்டுக்குப் பதில் கிடைத்த தாளுக்கு 30 ஆண்டு. 1950உடன் கூட்டினால் 1980. அதற்குள் அறுபதுகளின் விலையேற்றம் வந்து, 1965 டிசம்பரில் பழைய ஆயிரம் ரூபாயைப் புது ஒரு ரூபாய் ஆக்கியிருந்தார்கள். அந்தத் தாளை யாராவது பத்திரமாக வைத்திருந்தாலும் 1980இல் ஒரு நூல்கண்டு கூட வந்திருக்காது. ஹட்டா இறந்தது 1980 மார்ச் 14. தன்னை வீரர்களின் மயானத்தில் வைக்க வேண்டாம், சாதாரண மக்கள் புதைக்கப்படும் இடத்தில் வையுங்கள் என்று எழுதி வைத்திருந்தார். அப்படியே தனா குசீர் பொது மயானத்தில் அடக்கம் செய்தார்கள். ராஹ்மி இன்னும் 19 ஆண்டு இருந்து, 1999இல் காலமானார். அவரும் அங்கேயேதான். மகள் மெயுத்தியா பிற்பாடு பெண்கள் மேம்பாட்டுத் துறை அமைச்சரானார்.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய குறிப்பேட்டைப் புரட்டியபோது உள்ளேயிருந்து ஒரு நோட்டு விழுந்தது. ஒரு லட்சம் ரூபாய், சிவப்பு நிறம். அங்கிருந்து திரும்பும்போது மாற்றாமல் அடையாளத்துக்கு வைத்திருந்தேன். இந்தோனேசியாவின் மிகப் பெரிய நோட்டு அது. அதில் சுகர்னோவும் ஹட்டாவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். நோட்டுகளை வெட்டிய அரசாங்கத்தின் பிரதமர், கண்ணாடி போட்டுக்கொண்டு, கறுப்புத் தொப்பியோடு, வெட்டுப்படாத நோட்டிலிருந்து பார்க்கிறார். மனைவியிடம் காட்டினேன். கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, இவர்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"நம்முடைய பணத்தில் எவ்வளவு வரும்?"

"ஐந்நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் முன்னே பின்னே."

"இப்போதும் செல்லும் அல்லவா?"

செல்லும் என்றேன். நாலாக மடித்துச் சமையலறைக்குள் எடுத்துப்போனாள். ஏதோ ஒரு டப்பாவின் மூடி திறந்து மூடும் சத்தம் கேட்டது. எந்த டப்பா என்று நான் கேட்கவில்லை.